லோஷனில் மிச்சம் பிடிக்கும் இடம் எது?

பெரகல சந்தியில் ஒரு பாதை அப்புத்தளைக் குளிருக்கு ஏறுகிறது. மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாய வெயிலுக்கு இறங்குகிறது. இரண்டு பக்கமும் ஒரே சரக்கை அனுப்பிக் கையைச் சுட்டுக்கொண்டவன் நான்.

உறவுக்காரத் தாத்தா ஒருவர் வீட்டில் செய்யும் கை லோஷனை என் கடையில் வைத்திருந்தேன். குளிர்காற்றில் வெடித்த கைகளுக்காகத் தோட்டத்துப் பெண்கள் விரும்பி வாங்கினார்கள். பூசினால் பிசுபிசுக்காது. கையில் எண்ணெய் வழிந்தால் கொழுந்து பறிக்க முடியுமா?

2022இல் ரூபா சரிந்தபோது, எண்ணெயையும் தண்ணீரையும் பிரியாமல் பிடித்து வைக்கும் எமல்சிபையரின் விலை ஏறிவிட்டது. "தம்பி, தேன்மெழுகப் போட்டுப் பார்ப்பமா?" என்றார் தாத்தா. நானும் தலையாட்டினேன். வெல்லவாயவுக்குப் போன போத்தல்கள் மேலே எண்ணெயும் கீழே தண்ணீருமாகத் திரும்பி வந்தன. தேன்மெழுகு கெட்டியாக்குமே தவிர, தனியாக நின்று இரண்டையும் சேர்த்துப் பிடிக்காது.

கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோ லோஷனில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். எண்ணெய் 100 முதல் 150 கிராம். எமல்சிபையர் 40, 50 கிராம்தான். அதாவது 100 கிராம் போத்தலுக்கு வெறும் 5 கிராம். போத்தல், மூடி, லேபல் செலவோடு இதை ஒப்பிட்டால், நாம் மிச்சம் பிடித்தது எவ்வளவு அற்பம் என்று விளங்கும். லோஷன் இலேசாக இருக்க வேண்டுமா, எண்ணெயைக் குறையுங்கள். எமல்சிபையரில் கை வைக்காதீர்கள்.

ஸ்டீரிக் அசிட்டை ட்ரைஎதனோலமைனோடு சேர்ப்பது பழைய, மலிவான வழி. ஆனால் அது ஒருவகைச் சவர்க்காரம். தேய்க்கும்போது வெள்ளையாக நிற்கும், தேசிக்காய்ச் சாறு போன்ற புளிப்பு பட்டால் உடையும். வீட்டுத் தொழிலுக்கு என் தெரிவு எமல்சிபையிங் மெழுகு. கிளிசரைல் ஸ்டீரேட்டும் பெக்-100 ஸ்டீரேட்டும் கலந்து வருவதும் நல்லது, கையில் இன்னும் இலேசாக இருக்கும். எண்ணெய்ப் பகுதியையும் தண்ணீரையும் தனித்தனியே 70 பாகை வரை சூடாக்கிய பின்தான் கலக்க வேண்டும். எமல்சிபையர் பூஞ்சணத்தைத் தடுக்காது. தண்ணீர் உள்ள சரக்குக்குப் பாதுகாப்புப் பொருள் வேறாக வேண்டும்.

நம்மவர்கள் லேபலில் 'சீட்டரைல் அல்கஹோல்' என்று கண்டதும் போத்தலைத் திரும்ப வைத்துவிடுகிறார்கள். அது போதை தருவதல்ல. மெழுகுபோன்ற ஒரு கொழுப்புப் பொருள். நாம் விசாரிக்க வேண்டியது ஸ்டீரிக் அசிட்டும் கிளிசரைல் ஸ்டீரேட்டும் எதிலிருந்து வந்தவை என்பதைத்தான். பாம் எண்ணெயிலிருந்தும் வரும், மிருகக் கொழுப்பிலிருந்தும் வரும். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. கொழும்பில் நான் கேட்ட ஒரு கடைக்காரர் "எல்லாம் ஒண்டுதான்" என்றார். அங்கே வாங்கவில்லை. மூலப்பொருள் விபரம் எழுதிய தயாரிப்பாளரின் தாளைக் காட்டுபவரிடம், கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுத்தாலும் வாங்குங்கள்.

இப்போது தாத்தாவின் ஒவ்வொரு வார்ப்பிலும் ஒரு போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியிலும் ஒன்றைக் கடையின் தகரக் கூரைக்குக் கீழும் ஒரு மாதம் வைத்துப் பார்த்த பிறகே சரக்கை எடுக்கிறேன். ஒரு மாதம் பணம் முடங்குகிறதே என்று அவருக்கு என்மேல் இன்னும் கோபம்.