அறிவியல் மையத்துக்கு இயந்திரம் மட்டும் போதுமா? அதை விளக்க ஆள் வேண்டாமா?

அறிவியல் மையத்துக்குள் நுழையும் ஒரு சிறுவன் முதலில் என்ன செய்வான்? பட்டனை அமுக்குவான். ஏதோ ஒன்று சுற்றும், விளக்கு எரியும், சத்தம் வரும். உடனே அடுத்த பட்டனுக்கு ஓடிவிடுவான். பின்னால் வரும் அப்பா, பலகையில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்லப் பார்ப்பார். இரண்டு வரி தாண்டுவதற்குள் அவருக்கே தலை சுற்றும். "சரி வா, அடுத்ததைப் பாக்கலாம்" என்று கிளம்பிவிடுவார்.

இதில் சிறுவன் மீதும் தப்பில்லை, அப்பா மீதும் தப்பில்லை. அந்தப் பலகையை யாரை மனதில் வைத்து எழுதினார்கள் என்பதுதான் கேள்வி. பிரிட்டன் அருங்காட்சியகங்களில் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுவதற்கென்றே ஒரு வேலை இருக்கிறது: 'இன்டர்பிரிடேஷன் டெவலப்பர்'. தமிழில் 'காட்சி விளக்க வடிவமைப்பாளர்' என்று வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் அறிவியல் மையங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். அவர் தமிழிலேயே யோசித்து, தமிழிலேயே எழுதுபவராக இருக்க வேண்டும்.

என்ன வேலை இது?

ஒரு காட்சிக்கூடம் உருவாகும்போது அறிவியல் தெரிந்த க்யூரேட்டர் இருப்பார். இயந்திரத்தைச் செய்யும் பொறியாளர் இருப்பார். பலகையை அழகாக்கும் டிசைனர் இருப்பார். இவர்கள் நடுவே, பார்வையாளரின் சார்பில் உட்கார்ந்து கேள்வி கேட்பவர்தான் டெவலப்பர். 'இதைப் பார்த்துவிட்டுப் போகிறவர் மனதில் எந்த ஒரு விஷயம் தங்க வேண்டும்?' என்பதில் அவருடைய வேலை தொடங்குகிறது.

அமெரிக்க அருங்காட்சியக ஆய்வாளர் பெவர்லி செரல் இதை 'பிக் ஐடியா' என்கிறார். மொத்தக் கண்காட்சியையும் ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லை என்றால், எதைச் சொல்ல வருகிறோம் என்பதில் தயாரித்தவர்களுக்கே தெளிவில்லை என்று அர்த்தம். இவர் 1990களில் நூற்றுக்கும் மேற்பட்ட கண்காட்சிகளில் பார்வையாளர்களைப் பற்றிய தரவுகளைத் திரட்டினார். பெரும்பாலானோர் ஒரு கண்காட்சியில் 20 நிமிடம்கூட இருப்பதில்லை என்று தெரியவந்தது. அந்த நேரத்துக்குள் பாடப்புத்தகத்தை நடத்தி முடிக்க முடியுமா?

அதற்கும் முன்பே, 1957இல், அமெரிக்க தேசியப் பூங்காக்களை வைத்து ஃப்ரீமன் டில்டன் ஒரு நூல் எழுதினார். வெறும் தகவல் விளக்கம் ஆகாது, பார்ப்பவரின் ஆர்வத்தைத் தூண்டிவிடுவதே முக்கிய நோக்கம் என்பது அவர் கருத்து. பெரியவர்களுக்கு எழுதியதில் தண்ணீர் கலந்து குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது, அவர்களுக்கான அணுகுமுறையே வேறு என்றும் சொன்னார்.

தமிழ்ப் பலகையில் என்ன சிக்கல்?

சுழலும் நாற்காலியை எடுத்துக்கொள்வோம். பல அறிவியல் மையங்களில் இருப்பதுதான். அதற்கான பலகை வழக்கமாக இந்தப் பாணியில் இருக்கும்: 'புறத் திருப்புவிசை செயல்படாதபோது ஓர் அமைப்பின் மொத்தக் கோண உந்தம் மாறாது.' இதில் பிழை ஏதும் இல்லை. பிளஸ் 1 இயற்பியல் படித்தவருக்குப் புரியும். ஆனால், அவருக்கு இது ஏற்கெனவே தெரியுமே!

இதையே இப்படி எழுதிப் பார்க்கலாம்: 'இரண்டு கையிலும் எடையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்க. கையை நல்லா நீட்டுங்க. கூட வந்தவரை மெதுவாச் சுத்திவிடச் சொல்லுங்க. இப்போ கையை நெஞ்சோட சேர்த்துக்கோங்க. வேகம் என்ன ஆச்சு?' உடம்பு முதலில் உணர்ந்துவிடும். அதன்பிறகு, எடை மையத்துக்கு அருகே வந்தால் சுழற்சி வேகம் கூடும் என்று ஒரு வரி போதும். மேடையில் சுழலும் நடனக் கலைஞர் கைகளை உள்ளே இழுக்கும்போது நடப்பதும் இதுதான் என்று இன்னொரு வரி. 'கோண உந்தம்' என்ற கலைச்சொல் கடைசியில் வரட்டும். அனுபவம் முன்னால் வந்துவிட்டால் சொல்லைப் பார்த்து யாரும் மிரள மாட்டார்கள்.

ஆங்கிலத்தில் எழுதி, கடைசி வாரத்தில் மொழிபெயர்ப்பாளரிடம் அனுப்பினால் இது வராது. அவர் கையில் இருப்பது வாக்கியம் மட்டும். நாற்காலியை அவர் பார்த்திருக்கவே மாட்டார்.

மார்கழியில் குளிருவது ஏன்?

இந்தக் கேள்விக்கு, "அப்போ சூரியன் தள்ளிப் போயிடுது" என்ற பதிலைச் சாதாரணமாகக் கேட்கலாம். உண்மை நேர்மாறானது. ஜனவரி முதல் வாரத்தில், அதாவது மார்கழியின் பிற்பாதியில்தான் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது: சுமார் 14.7 கோடி கிலோமீட்டர். ஜூலையில் இது சுமார் 15.2 கோடி கிலோமீட்டர். கத்திரி வெயில் கொளுத்தும் மே மாதத்தில் பூமி சூரியனைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருக்கிறது.

காரணம், பூமியின் அச்சு சுமார் 23.4 டிகிரி சாய்ந்திருப்பது. மார்கழியில் நம் பக்கம் சூரியக் கதிர்கள் சாய்வாக விழுகின்றன, பகலும் குறைகிறது. 'சூரியனுக்கு மிக அருகில் இருக்கும்போது ஏன் குளிருகிறது?' என்று பலகையின் முதல் வரியில் கேட்டால், கடந்து போகிறவர் ஒரு நிமிடமாவது நிற்பார். 'பருவகாலங்கள்' என்று மொட்டையாகத் தலைப்பு வைத்தால் நிற்க மாட்டார். மக்கள் மனதில் ஏற்கெனவே என்ன பதில் இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொள்வதும் டெவலப்பர் வேலையில் ஒரு பகுதி.

அடுத்த பகுதி, சோதனை. பலகையை அச்சடிக்கும் முன் சாதாரணத் தாளில் பிரின்ட் எடுத்து, காட்சிப் பொருளுக்குப் பக்கத்தில் ஒட்டி, வருகிறவர்களைக் கவனிக்க வேண்டும். எந்த வரியில் நிறுத்துகிறார்கள், குழந்தைக்கு எப்படிச் சொல்கிறார்கள், கையை எங்கே வைக்கிறார்கள் என்று பார்த்து, மாற்றி எழுதி, மறுபடி ஒட்ட வேண்டும்.

"கைடு இருக்காரே, கியூஆர் கோடு இருக்கே!"

விளக்கிச் சொல்லும் ஆட்கள் அவசியம்தான். ஃப்ராங்க் ஓப்பன்ஹைமர் 1969இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்ப்ளோரட்டோரியம், பள்ளி மாணவர்களுக்குச் சம்பளம் கொடுத்து 'எக்ஸ்ப்ளெய்னர்' வேலை தந்தது. ஆனால், விடுமுறை நாள் கூட்டத்தில் ஒருவர் எத்தனை பேருக்குச் சொல்ல முடியும்? கியூஆர் கோடும் கூடுதல் வசதிதான். ஆனால், புரியாத பத்தியைப் போனுக்குள் மாற்றினால் அங்கேயும் அது புரியாத பத்திதான்.

எளிமைப்படுத்தினால் துல்லியம் கெட்டுவிடும் என்ற கவலையிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு வரியையும் துறை அறிந்தவர் சரிபார்க்க வேண்டும். அதேபோல, அந்தத் துறை தெரியாத ஒருவரும் படித்துப் பார்க்க வேண்டும்.

வேலை யாருக்கு?

தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் கவுன்சில் 1978 முதல் நாடு முழுக்க மையங்களை நடத்துகிறது. திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையம் அவற்றில் ஒன்று. சென்னை கோட்டூர்புரத்தில் மாநில அரசின் மையம் இருக்கிறது. இங்கெல்லாம் வருகிறவர்களில் தமிழ்வழிப் பள்ளிப் பிள்ளைகள் கணிசம். வகுப்பறைக்கு வெளியே அறிவியலைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு அவர்களில் பலருக்கு ஒரே ஒரு சுற்றுலா நாளில்தான் கிடைக்கும். அன்றைக்குப் பலகை கைவிட்டால், "சயின்ஸ் நமக்கு வராது" என்ற எண்ணத்தோடு பஸ் ஏறிவிடுவார்கள். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51ஏ(எச்) பிரிவு சொல்கிறது. அதற்கு அந்தக் குடிமக்களுக்குப் புரியும்படி பேச வேண்டாமா?

இந்த வேலைக்கு ஆளும் இங்கே இருக்கிறார்கள். அறிவியல் பட்டம் பெற்று, தமிழில் நன்றாக எழுதி, யூடியூபிலும் ஆசிரியப் பணியிலும் விளக்கிச் சொல்லப் பழகிய இளைஞர்கள் உண்டு. புதுக் காட்சிக்கூடத்துக்கு டெண்டர் விடும்போது, தமிழ் விளக்கம் எழுதுவதையும் பார்வையாளரிடம் சோதிப்பதையும் தனி வேலையாகச் சேர்த்து, அதற்குப் பணமும் ஒதுக்கலாம். இயந்திரங்களின் விலையோடு பார்த்தால் இது சிறிய தொகைதான். உடனடியாக வேண்டுமானால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு காட்சிப் பொருளுக்குப் புதிதாக எழுதிய தாளை ஒட்டிவிட்டு, வரும் பத்துக் குடும்பங்கள் என்ன செய்கின்றன என்று கவனிக்கலாம். அதற்கு டெண்டர்கூடத் தேவையில்லை.