தோட்டத்தில் விபத்தா? நஷ்டஈடு உண்டு!

ஏற்காடு காப்பித் தோட்டங்களில் மிளகு பறிக்க, உயர்ந்த மரங்களில் ஏணி சாத்தி ஏறுகிறார்கள். கால் வழுக்கினால் குடும்பமே தெருவில் நிற்கும்.

"முதலாளி பார்த்து ஏதாவது கொடுப்பார்" என்று காத்திருக்க வேண்டியது இல்லை. நஷ்டஈடு தர்மம் அல்ல. 1923-ம் ஆண்டிலேயே வந்த சட்ட உரிமை. 2025 நவம்பர் முதல் அது சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்து இருக்கிறது.

மாதம் ரூ.10 ஆயிரம் சம்பளம் வாங்கிய 40 வயது தொழிலாளி வேலையின்போது விபத்தில் இறந்தால், சம்பளத்தில் பாதியை 184.17-ஆல் பெருக்க வேண்டும். குடும்பத்துக்குச் சேரவேண்டியது ரூ.9 லட்சத்து 20 ஆயிரத்து 850! உயிர் பிழைத்து, எந்த வேலையும் செய்ய முடியாமல் முடங்கிப்போனால், பாதிக்குப் பதில் 60 சதவீதம்.

இறந்தவருக்கான பணத்தை முதலாளி, தொழிலாளர் துறை அதிகாரியிடம் கட்ட வேண்டும். கையில் கொடுத்துக் கணக்கை முடிக்க முடியாது.

மனு கொடுக்க 2 ஆண்டு கெடு. துக்கத்தில் அதைத் தவற விடக்கூடாது.