பில்ட் எங்கே ஓடினாலும் செய்முறை ரெப்போவிலேயே இருக்கட்டும்
தென்காசி–குற்றாலம் வட்டாரக் கட்டற்ற மென்பொருள் பங்களிப்பாளர்களின் நிலைப்பாடு

நாங்கள் பராமரிக்கும் எந்தத் திட்டத்திலும், பில்டும் டெஸ்டும் தானாக ஓடிப் பச்சை காட்டாத மாற்றத்தை மெர்ஜ் செய்ய மாட்டோம். அனுப்பியவர் மூத்தவரா, நேற்று வந்த கல்லூரி மாணவியா என்று பார்ப்பதில்லை. அந்த பில்டின் செய்முறையும் முழுக்க ரெப்போவுக்குள் இருக்க வேண்டும். எவருடைய மடிக்கணினியிலும் ஒரே கட்டளையில் ஓட வேண்டும்.

மத்தளம்பாறையில் 2011 முதல் ஜோஹோ அலுவலகம் இருப்பதால் பில்ட், டெஸ்ட் எல்லாம் இந்தப் பக்கம் பழகிய பேச்சுதான். ஆனாலும், "சாயங்காலம் சும்மா எழுதுகிற நிரலுக்கு இவ்வளவு எதற்கு?" என்று கேட்கிறார்கள். சரிபார்ப்பதற்கென்று சம்பளத்துக்கு ஆள் இல்லாத இடத்துக்குத்தான் இது முதலில் வேண்டும்.

தமிழ் நிரல்களுக்கு இன்னும் அவசியம். யூனிகோடில் ‘கொ’ என்பதைக் ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். சீராக்காமல் ஒப்பிட்டால், தேடலில் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. எத்தனை பேர் கண்ணால் பார்த்தாலும் இது தப்பிவிடும். நாலு வரி டெஸ்ட் பிடித்துவிடும்.

எங்கே ஓட்டுவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை நடந்தது. ஒரு காலத்தில் கட்டற்ற திட்டங்கள் பலவும் டிராவிஸ் சிஐ சேவையையே நம்பியிருந்தன. 2020 நவம்பரில் அதன் இலவசப் பயன்பாடு சுருங்கியது. 2021 ஜூனில் அந்தத் திட்டங்களுக்கான தளமே மூடப்பட்டது. அதன் அமைப்புக் கோப்பிலேயே எல்லாவற்றையும் எழுதிவைத்தவர்கள் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. இன்று கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் பொதுத் திட்டங்களுக்கு இலவசம், நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் அதன் யாமல் கோப்பு நம் ஸ்கிரிப்டைக் கூப்பிடுவதோடு நிற்க வேண்டும். சாரல் காலத்துக் காற்றில் கிளை முறிந்து கம்பியில் விழுந்து, நெட் போனாலும், பேட்டரி இருக்கும்வரை டெஸ்ட் ஓட வேண்டுமல்லவா?

சாவிகள் விஷயத்தில் தளர்வே இல்லை. 2025 மார்ச்சில், 23,000-க்கும் மேற்பட்ட ரெப்போக்களில் பயன்பட்ட ஓர் ஆக்‌ஷனில் யாரோ கைவைத்து, ரகசியச் சாவிகள் பில்ட் லாகில் அச்சாகும்படி செய்தார்கள். பழைய பதிப்பு டேக்குகளும் அந்தக் கெட்ட நிரலுக்கே திருப்பிவிடப்பட்டிருந்தன. ஆகவே பிறர் ஆக்‌ஷனை டேக் பெயரால் அழைக்க மாட்டோம். முழு கமிட் எண்ணைக் குறிப்பிட்டே அழைப்போம். வெளியார் அனுப்பும் புல் ரெக்வெஸ்டுக்காக ஓடும் பில்டில் எந்தச் சாவியும் இருக்காது.

நூறு சதவீத டெஸ்ட் கவரேஜ் கேட்கவில்லை. அந்த எண்ணுக்காக எழுதும் டெஸ்டுகளால் பயன் குறைவு. ஆனால் காரணமில்லாமல் ஒரு தடவை சிவப்பும் மறு தடவை பச்சையும் காட்டுகிற டெஸ்டைச் சரிசெய்ய வேண்டும், இல்லையேல் நீக்க வேண்டும். "இன்னொரு தடவை ஓட்டிப் பாரு" என்ற பழக்கம் வந்துவிட்டால் சிவப்பை யாரும் மதிக்க மாட்டார்கள்.

டெஸ்டே இல்லாத பழைய திட்டங்கள் முதலில் பில்டை மட்டும் தானாக ஓடச் செய்தால் போதும். அதன்பின் பிழை ஒன்றைத் திருத்தும்போதெல்லாம் அதற்கொரு டெஸ்ட் சேரட்டும்.