பாட்டு சபையாருடையது

ஞாயிறு காலை ஆராதனையில் பாட்டு எண்ணை அறிவித்ததும் சிலர் புத்தகத்தைத் திறக்கிறார்கள். சிலர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். கேட்டால், "எனக்குக் குரல் கிடையாது" என்கிறார் ஒருவர். "பாடத்தான் பாடகர் குழு இருக்கிறதே" என்கிறார் இன்னொருவர். தாமதமாக வந்தவரோ, "பாட்டு மட்டும்தான் போயிற்று, பிரசங்கத்துக்கு வந்துவிட்டேன்" என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார். மூவரும் சொல்வது ஒன்றுதான்: பாட்டு என்பது ஆராதனைக்கு முன்னால் நடக்கும் ஏதோ ஒன்று, ஆராதனை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நல்ல மனிதர்கள் நல்லெண்ணத்தோடுதான் இப்படி நினைக்கிறார்கள். ஆனாலும் இது சரியல்ல. ஏன் என்பதை நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் வேதாகமம். எபேசியருக்கும் கொலோசெயருக்கும் எழுதிய நிருபங்களில் சங்கீதங்களையும் கீர்த்தனைகளையும் ஞானப்பாட்டுகளையும் பற்றிப் பேசும் இடங்களைச் சேர்த்துப் படித்தால், சபையின் பாட்டுக்கு இரண்டு திசைகள் இருப்பது தெரியும். ஒன்று கர்த்தரை நோக்கியது. மற்றொன்று பக்கத்தில் நிற்பவரை நோக்கியது: பாட்டினால் ஒருவருக்கொருவர் போதிக்க வேண்டும், புத்தி சொல்ல வேண்டும் என்கின்றன அந்த நிருபங்கள். அப்படியானால் பாடும்போது நாம் ஜெபிப்பவர்களாகவும் இருக்கிறோம், போதிப்பவர்களாகவும் இருக்கிறோம். பிரசங்க பீடத்தில் ஏறும் தகுதி சிலருக்குத்தான் உண்டு. இந்தப் போதகம் பண்ணும் கடமை எல்லாருக்கும் உண்டு. குரல் இனிமையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எங்கும் இல்லை.

ஆதிச் சபையைப் பார்த்த வெளியாள் ஒருவரின் சாட்சியும் நமக்கு இருக்கிறது. ஏறத்தாழ கி.பி. 112இல் பித்தினியாவின் ரோம ஆளுநர் பிளினி, தாம் விசாரித்த கிறிஸ்தவர்களைப் பற்றிப் பேரரசர் டிராஜனுக்குக் கடிதம் எழுதினார். அவர்கள் குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுகிறார்கள். கிறிஸ்துவைத் தெய்வமாக எண்ணி மாறி மாறிப் பாடுகிறார்கள் என்று அதில் குறிப்பிட்டார். கோவிலும் ஆர்கனும் இல்லாத அந்த ஜனங்களிடம் ஓர் அதிகாரியின் கண்ணில் பட்ட அடையாளம், சேர்ந்து பாடுவது.

காலப்போக்கில் இது மாறியது. நான்காம் நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய சங்கம், நியமிக்கப்பட்ட பாடகர் தவிர மற்றவர் ஆலயத்தில் பாடக் கூடாது என்று விதித்தது. இடைக்காலத்து மேற்கு ஐரோப்பாவில் மக்கள் தங்கள் மொழிப் பாட்டுகளைத் திருவிழாக்களிலும் யாத்திரைகளிலும் பாடினார்கள். திருப்பலியிலோ பெரும்பாலும் குருமாரும் பாடகர் குழுவும் லத்தீனில் பாட, மக்கள் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இசை உயர்ந்ததாகவே இருந்தது. பாடும் வாய்கள்தான் குறைந்துபோயின.

அந்த வாய்களைத் திறந்ததில் சீர்திருத்தத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1524இல் ஜெர்மனியில் எட்டே பாட்டுகள் கொண்ட சிறு நூல் ஒன்று அச்சாகி வந்தது. அவற்றில் நான்கு மார்ட்டின் லூத்தர் எழுதியவை. உழுகிறவரும் சமைக்கிறவரும் தம் சொந்த மொழியில் விசுவாசத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். ஜெனீவாவில் கால்வினின் சபை 150 சங்கீதங்களையும் பாடும் வடிவில் 1562இல் முழுமையாக்கியது. கத்தோலிக்கத் திருச்சபையும் 1963இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏட்டில், இறைமக்கள் உணர்ந்து முழுமையாகப் பங்கெடுப்பதை வழிபாட்டின் அடிப்படையாக வைத்தது. மக்கள் பாட வேண்டியது அதில் ஒரு பகுதி. வெவ்வேறு வழியில் நடந்தவர்கள் இந்த ஒரு விஷயத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

தமிழ்ச் சபைகளின் அனுபவம் இதற்கு இன்னொரு பாடத்தையும் சேர்க்கிறது. 1706இல் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கிய பின், ஜெர்மன் ஞானப்பாட்டுகள் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டன. அதே நூற்றாண்டில் பப்ரிசியுஸ் அந்தப் பணியில் பெரிதும் உழைத்தார். பொருளும் பக்தியும் அவற்றில் குறைவில்லை. ஆனால் மெட்டு ஜெர்மனியுடையது. குறில் நிற்க வேண்டிய இடத்தில் ராகம் நீளும். நெடிலுக்கு இடம் போதாமல் போகும். தலைமுறை தலைமுறையாகப் பாடிப் பாடித்தான் நம் ஜனங்கள் அவற்றைத் தம்முடையதாக்கிக்கொண்டார்கள்.

தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வேறொரு வாசலைத் திறந்தார். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்றவர், குறவஞ்சி, கும்மி என்று மக்கள் அறிந்த வடிவங்களிலேயே சுவிசேஷத்தைப் பாடியவர். அவருடைய கீர்த்தனைகள் பலவற்றைச் சேர்த்து, மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் ஆராதனைக்கான பாட்டுப் புத்தகமாக வெளியிட்டார்.

ஒரு கீர்த்தனை எப்படி நடக்கிறது என்று கவனியுங்கள். பல்லவியை ஒருவர் எடுத்துக் கொடுக்கிறார். சபை திருப்பிப் பாடுகிறது. அனுபல்லவி, பிறகு மீண்டும் பல்லவி. ஒவ்வொரு சரணம் முடிந்ததும் மீண்டும் பல்லவி. நான்கு சரணம் பாடி முடிப்பதற்குள் பல்லவி ஆறேழு முறை வந்துவிடும். எழுத்தறியாத பாட்டியும், புத்தகம் கொண்டுவராத வாலிபனும், மடியில் உட்கார்ந்த குழந்தையும் மூன்றாம் முறையிலேயே சேர்ந்துகொள்வார்கள். சரணம் தெரிந்தவர்கள் சுமக்க, பல்லவி எல்லாரையும் உள்ளே அழைக்கிறது. யார் பாட முடியும் என்பதைப் பாட்டின் அமைப்பே தீர்மானிக்கிறது என்பதுதான் அந்தப் பாடம்.

சேர்ந்து பாடுவதன் முழுப் பொருளும் விளங்கும் இடம் கல்லறைத் தோட்டம். அங்கே ஆர்கன் இல்லை, மைக் இல்லை, பலர் கையில் புத்தகமும் இல்லை. பெட்டியை இறக்கும்போது உபதேசியாரோ, வயதான ஓர் அம்மாவோ மெல்ல ஒரு பாட்டைத் தொடங்குவார்கள். கணவரை இழந்தவரின் உதடு இரண்டு சொல்லுக்கு அசையும். பிறகு தொண்டை அடைத்து நின்றுவிடும். பாட்டு நிற்காது. உயிர்த்தெழுதலை நம்புகிறேன் என்று அந்த நேரத்தில் அவரால் சொல்ல முடியவில்லை. சுற்றி நிற்பவர்கள் அவருக்காக அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கடைசிச் சரணத்தில் சில சமயம் அவர் குரலும் வந்து சேர்ந்துகொள்ளும். விசுவாசம் தனி மனிதரின் கையிருப்பு மட்டுமல்ல, சபை ஒருவருக்கொருவர் காத்து வைத்திருப்பது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பிரசங்கமும் விளக்கிவிட முடியாது.

இசையே பக்தியை விழுங்கிவிடாதா என்ற அச்சமும் நியாயமானது. அகஸ்தீன் இதை நேர்மையாக எழுதியிருக்கிறார். மிலான் சபையின் பாட்டைக் கேட்டுக் கண்ணீர்விட்டவர் அவர். பாடப்படும் பொருளைவிடப் பாடும் குரலே தம்மை இழுத்தபோது அதைத் தம் குற்றமாகவே எண்ணினார். இருந்தும், ஆலயத்தில் பாடுவதை அவர் ஏற்றுக்கொண்டார். 1761இல் ஜான் வெஸ்லி பாடுவோருக்குத் தந்த அறிவுரைகளும் இதே கவலையில் பிறந்தவை: எல்லாரும் பாடுங்கள், ஊக்கமாகப் பாடுங்கள், ஆனால் உங்கள் குரல் மட்டும் தனித்துக் கேட்கும்படி கத்தாதீர்கள், கடவுளை நினைத்தே பாடுங்கள் என்பது அவற்றின் சாரம்.

இன்றைய சபைகளில் அந்த அறிவுரை பாடகர் குழுவுக்கும் ஒலிபெருக்கிக்கும் சேர்த்தே பொருந்தும். திறமையான பாடகர்களும் கீபோர்டு வாசிப்பவர்களும் சபைக்குக் கிடைத்த வரம். அவர்களுடைய வேலை சபையைப் பாட வைப்பது. சபைக்குப் பதிலாகப் பாடுவதல்ல. எனவே சுருதியைச் சாதாரணக் குரலுக்கு எட்டும்படி வைக்க வேண்டும். புதுப் பாட்டென்றால் அடுத்தடுத்த வாரங்களிலும் பாடி மனதில் பதிய விட வேண்டும். பக்கத்தில் நிற்பவரின் குரல் காதில் விழும் அளவுக்கு ஒலியைக் குறைக்க வேண்டும். சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு: கடைசிச் சரணத்தில் எல்லா வாத்தியங்களையும் நிறுத்திவிடுங்கள். அப்போது ஆலயத்தில் எவ்வளவு சத்தம் மிஞ்சுகிறதோ, அதுதான் உங்கள் சபையின் பாட்டு.

"எனக்குக் குரல் கிடையாது" என்று கையைக் கட்டி நிற்கும் நண்பருக்கு ஒரு வார்த்தை. அடுத்த ஞாயிறு உங்கள் பெஞ்சில் உங்கள் பக்கத்தில் நிற்பவர் எப்படிப்பட்ட வாரத்தைக் கடந்து வந்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. இரண்டாம் வரியில் அவர் குரல் நின்றுபோகலாம். அந்த வரியை அவர் பக்கத்தில் நின்று பாட ஒருவர் வேண்டும்.