காளான்தானே என்று விட்டுவிட முடியுமா?

"கஞ்சா இல்லம்மா, வெறும் காளான்தான். இதுக்கெல்லாம் கேஸ் கிடையாது!"

கொடைக்கானலுக்கு நண்பர்களோடு டூர் போய் வந்த மகனின் பையில், காகிதப் பொட்டலத்தில் காய்ந்த காளானைப் பார்த்த தாய்க்குக் கிடைத்த பதில் இது. பழவேற்காடு ஏரிக்கரையில், காட்டூரிலிருந்து அந்த வாசகி நமக்கு எழுதியிருக்கிறார். 'அவன் சொல்வது நிஜமா? நிஜமென்றால் நான் பேசாமல் இருந்துவிடலாமா?' என்று கேட்கிறார். இரண்டும் வேறு வேறு கேள்விகள். இரண்டுக்கும் 'இல்லை' என்பதே என் பதில்.

முதலில் இது என்ன சமாசாரம் என்று பார்த்துவிடுவோம். கொடைக்கானல் மலையில் இதற்கு 'மேஜிக் மஷ்ரூம்' என்று பெயர். போலீஸ் பாஷையில் போதைக் காளான். சாணத்திலும் மட்கிய புல்வெளியிலும் முளைக்கிற சில வகைக் காளான்களில் 'சைலோசைபின்' என்ற ரசாயனம் இருக்கிறது. மெக்ஸிகோவின் பழங்குடி மக்கள் சடங்குகளில் சாப்பிட்டு வந்த காளானிலிருந்து, 1958-ல் ஆல்பர்ட் ஹாஃப்மன் என்ற ஸ்விஸ் விஞ்ஞானி இதைப் பிரித்தெடுத்தார். வயிற்றுக்குள் போனதும் இது வேறு ரசாயனமாக மாறி, மூளையில் சிரோட்டோனின் வேலை செய்யும் இடங்களில் புகுந்து கொள்கிறது. நாலு முதல் ஆறு மணி நேரம் இல்லாதது தெரியும், இருப்பது உருமாறும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

1985-ம் வருட போதைப் பொருள் சட்டத்தின் பட்டியலில் சைலோசைபின் இருக்கிறது. வைத்திருப்பது, வாங்குவது, விற்பது, பயன்படுத்துவது எல்லாமே குற்றம். 2 கிராம் வரை 'சிறிய அளவு'. ஒரு வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 50 கிராமைத் தாண்டினால் 'வணிக அளவு'. குறைந்தது பத்து வருடம், கூடினால் இருபது வருடம். ஜாமீன் கிடைப்பதும் குதிரைக் கொம்பு.

இங்கேதான் சிக்கல். பட்டியலில் ரசாயனத்தின் பெயர் இருக்கிறது. காளானின் பெயர் இல்லை!

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். காய்ந்த காளானில் சைலோசைபின் ஏறத்தாழ ஒரு சதவிகிதம்தான். கையில் 60 கிராம் காளான் இருந்தால் அதில் உள்ள ரசாயனம் அரை கிராமுக்குச் சற்று அதிகம். ரசாயனத்தை மட்டும் எடை போட்டால் ஒரு வருடத்துக்கு மேல் தண்டனை இல்லை. காளானை அப்படியே தராசில் வைத்தால் பத்து வருடம்! பொருள் ஒன்று, பையன் ஒருவன். எதை எடை போடுகிறோம் என்பதில் ஒரு வாழ்க்கையே தொங்குகிறது.

2020-ல் சுப்ரீம் கோர்ட், போதைப் பொருளோடு வேறு பொருள் கலந்திருந்தால் மொத்த எடையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் 2025 ஜனவரியில் கேரள உயர் நீதிமன்றம், வயநாட்டில் பிடிபட்ட ஒருவரின் வழக்கில் வேறு கோணத்தில் பார்த்தது. காளான் இயற்கையாக முளைத்தது, யாரும் கலந்து தயாரித்த கலவை அல்ல, ஆகவே அந்தக் கணக்கு இதற்குப் பொருந்தாது என்றது. கர்நாடக, சென்னை உயர் நீதிமன்றங்கள் முன்பே சொன்ன கருத்தையும் ஏற்றுக்கொண்டது.

'பார்த்தீங்களா, அவன் சொன்னது சரிதான்' என்று அவசரப்படாதீர்கள்! அந்த வழக்கில் கிடைத்தது ஜாமீன், விடுதலை அல்ல. அதற்கு முன் சுமார் மூன்று மாதம் அவர் சிறையில் இருந்தார். 'கணக்கு தப்பு' என்று கோர்ட் சொல்லுமுன் காலேஜில் ஒரு செமஸ்டர் போயிருக்கும்.

வீட்டில் வளர்த்தால்? கஞ்சா, அபினிச் செடி, கோகா பயிரிடுவதைச் சட்டம் பெயர் சொல்லித் தடுக்கிறது. காளான் அந்த வரிசையில் இல்லை. ஆனால் குடை விரிந்துவிட்டால் ரசாயனம் உள்ளே வந்துவிடுகிறது. வளர்த்தவர் அதை 'வைத்திருப்பவர்' ஆகிவிடுகிறார். இன்னொன்றும் கவனியுங்கள். இப்படி நடப்பது தெரிந்தும் வீட்டைத் தந்தவருக்கும் இந்தச் சட்டத்தில் தண்டனை உண்டு. அது அப்பாவாக இருக்கலாம், அம்மாவாகவும் இருக்கலாம். (சிப்பிக் காளான், பால் காளான் வளர்க்கும் மகளிர் குழுச் சகோதரிகள் பயப்பட வேண்டாம். அதில் இந்த ரசாயனம் கிடையாது.)

சட்டத்தை விடுங்கள், உடம்புக்கு வருவோம். வலையில் விழுந்ததெல்லாம் குழம்புக்கு ஆகாது என்று ஏரிக்கரைக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பேத்தை மீன் சிக்கினால் என்ன செய்வீர்கள்? காளானிலும் அப்படிப்பட்ட பேத்தைகள் உண்டு. பார்க்க ஒன்று போலவே இருக்கும், ஈரலைத் தின்றுவிடும். சாப்பிட்டு ஆறு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல், ஒன்றுமே தெரியாது. வாந்தி பேதி ஆரம்பிப்பதற்குள் விஷம் ஈரலுக்குப் போயிருக்கும். பொட்டலம் கட்டி விற்பவர் பார்த்துத்தான் பறித்தார் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

சரியான காளானாகவே இருந்தாலும், குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவோ, இருதுருவ மனநோயோ இருந்தால் இது நெருப்போடு விளையாட்டு. பயத்தில் எழுந்து ஓடுகிறவனுக்கு மலைச் சரிவு என்ன தெரியும்?

'வெளிநாட்டில் மருந்தாகவே கொடுக்கிறார்களே?' என்று உங்கள் பிள்ளை கேட்பான். உண்மைதான். 2023 ஜூலை முதல் ஆஸ்திரேலியாவில், மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சோர்வுக்கு இதைத் தர, அனுமதி பெற்ற மனநல மருத்துவர்களுக்கு மட்டும் வழிவிட்டிருக்கிறார்கள். அளந்த மருந்து, பக்கத்தில் டாக்டர், முன்கூட்டியே பரிசோதனை. பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பொட்டலத்தில் இதெல்லாம் எங்கே இருக்கிறது?

அதற்காக, பிடிபட்ட பிள்ளைகளையெல்லாம் பத்து வருடம் உள்ளே தள்ளு என்று நான் சொல்லமாட்டேன். விற்பவனையும், ஆசையில் ஒருமுறை வாங்கியவனையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமா? காளானில் எடை எது என்பதை மத்திய அரசு சட்டத்திலேயே தெளிவாக எழுத வேண்டும். ரசாயனம் எத்தனை கிராம் என்று ஆய்வகம் சொன்ன பிறகே பிரிவைத் தீர்மானிக்க வேண்டும். அடிமையானவர், சிறிய அளவில் சிக்கி, தானாக முன்வந்து சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு தர இந்தச் சட்டத்தின் 64ஏ பிரிவு இடம் கொடுக்கிறது. இது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

காட்டூர் சகோதரிக்கும், இதே கவலையில் இருக்கும் மற்ற பெற்றோருக்கும் சொல்கிறேன். அந்தப் பொட்டலம் இன்றைக்கே வீட்டை விட்டுப் போகட்டும். அடிக்காதீர்கள், ஊரைக் கூட்டாதீர்கள். எத்தனை முறை, யாரோடு, ஏன் என்று நிதானமாகக் கேளுங்கள். தூக்கமில்லை, தனியாகப் பேசுகிறான், காரணமில்லாமல் சந்தேகப்படுகிறான் என்றால் உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

வக்கீலைத் தேடி ஓடும் நாள் வருவதற்கு முன்னால் டாக்டரைப் பார்த்துவிடுவது நல்லது. செலவும் குறைவு, கண்ணீரும் குறைவு!