சுவரில் மாட்டவா, ரோட்டில் ஓட்டவா?

சூரியநெல்லிக்காரனுக்கு சைக்கிளைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்டால், நியாயமான கேள்விதான். எங்க ஊரில் ஒண்ணு மேடு, இல்லாட்டி பள்ளம். சமதளம்னு பார்த்தால் தேயிலை ஃபேக்டரி முற்றம் மட்டும்தான். நான் சைக்கிள் கற்றுக்கொண்டதே போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் இறங்கி, போடியில் பி.காம் சேர்ந்த பிறகுதான். வாடகை சைக்கிள், வயது பதினெட்டு. பக்கத்தில் ஓட்டிய பொடியன்கள் எல்லாம் சிரித்தார்கள்.

இன்றைக்கு நாற்பதைத் தாண்டி, பர்மிங்ஹாமில் ஒரு வங்கியில் வேலை. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரின் டிக்கியைத் திறந்து வைத்துப் பழைய சாமான் விற்பார்களே, அந்தச் சந்தையில் ஒரு சைக்கிளை வாங்கினேன். 45 பவுண்டு. 1970களில் செய்த டைம் ட்ரையல் சைக்கிள். துருப்பிடித்து, சீட் இறுகி, செயின் கல்லாகிப் போயிருந்தது. விற்றவர் சொன்னது ஒன்றுதான்: "எங்க அப்பாவோடது. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

டைம் ட்ரையல் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த நாட்டுச் சாலைகளில் கூட்டமாக சைக்கிள் பந்தயம் விட்டால் போலீஸ் தொல்லை. 1895இல் பிட்லேக் என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒருவர் பின் ஒருவராக, இடைவெளி விட்டு அனுப்புவது. பக்கத்தில் யாரும் இல்லை, போட்டி கடிகாரத்தோடு மட்டும். விடியற்காலையில், கறுப்பு உடுப்பில், எந்த ரோடு என்று வெளியே தெரியாமல் இருக்க ரகசிய எண் வைத்து ஓட்டினார்கள். ரகசியம் போய்விட்டது, எண்கள் இன்னும் இருக்கின்றன.

சரி, என் சைக்கிளுக்கு வருவோம். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே மூன்று கட்சி உருவாகிவிட்டது.

முதல் கட்சி: பிரித்து வில். பின் கியர் மாற்றி, பிரேக், கிராங்க் எல்லாம் கம்பக்னோலோ. இத்தாலிக்காரன் சாமான். சேகரிப்பவர் ஒருவர் அந்தப் பாகங்களுக்கு மட்டும் 320 பவுண்டு தருகிறேன் என்றார். வீட்டம்மாவுக்கு அந்தக் கணக்கு உடனே பிடித்துப் போச்சு.

இரண்டாவது கட்சி: அப்படியே பழைய மாதிரி ஆக்கு. அந்த வருஷத்து கேபிள், அந்த வருஷத்து டயர், புது பெயின்ட், அப்புறம் ஹாலில் சுவரில் மாட்டு. இதைச் சொன்னது அலுவலக நண்பர்கள்.

மூன்றாவது கட்சியில் ஒரே ஒரு ஆள்தான், போடியில் இருக்கும் என் அப்பா. போனில் நான் முழுக்கதையும் சொல்லி முடித்ததும் ஒரே கேள்வி கேட்டார்: "ஓடுமாய்யா?"

அப்பா தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். ரோலர், டிரையர் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். பாகம் கிடைக்காது. பட்டறையில் கடைந்து மாட்டுவார்கள், பெல்ட்டைத் தைத்துப் போடுவார்கள், மறுநாள் காலையில் கொழுந்து வரும்போது மெஷின் ஓடியாகணும். சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் எலும்பு நொறுங்க ஏறினால் கொழுக்குமலை வரும் (தேனி மாவட்டம், தமிழ்நாட்டுக்குள்தான் இருக்கிறது). அங்கே 1930களில் அமைத்த ஃபேக்டரி இன்னும் பழைய முறையில் தேயிலை செய்கிறது. பார்க்கப் போகிறவர்கள் போட்டோ எடுக்கிறார்கள், ஆனால் அந்த மெஷின்கள் போட்டோவுக்காக நிற்கவில்லை. வேலை செய்கின்றன. அதனால்தான் பிழைத்திருக்கின்றன.

நான் அப்பா கட்சி. ஏன் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

இந்த சைக்கிளின் உயிர் அதன் ஃப்ரேமில் இருக்கிறது. ரெனால்ட்ஸ் 531 என்று ஒட்டியிருக்கிறது. ரெனால்ட்ஸ் கம்பெனி 1841இல் இதே பர்மிங்ஹாமில் ஆணி செய்ய ஆரம்பித்தது. 1897இல் ஒரு காப்புரிமை வாங்கினார்கள்: குழாயின் இரண்டு முனையிலும் கனம், நடுவில் மெலிசு. பற்றவைக்கும் இடத்தில் பலம் வேணும், நடுவில் எடை குறையணும், அவ்வளவுதான் யோசனை. 1935இல் மாங்கனீசு, மாலிப்டினம் கலந்த 531 உருக்கு வந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பந்தய சைக்கிள் என்றால் அதுதான்.

இதில் எனக்கு ஒரு ஆச்சரியம். ரெனால்ட்ஸை 1928இலிருந்து வைத்திருந்தது டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமம். அதே குழுமம்தான் முருகப்பா குடும்பத்தோடு சேர்ந்து 1949இல் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கி, அம்பத்தூரில் ஹெர்குலிஸ் செய்தது. போடியில் நான் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்ட வாடகை ஹெர்குலிஸும், கராஜில் நிற்கும் இந்தச் சீமைச் சரக்கும் ஒருவகையில் பங்காளிகள்!

இப்படிப்பட்ட ஃப்ரேமிலிருந்து பாகத்தைக் கழற்றி விற்றுவிட்டால் மிச்சம் வெறும் குழாய், கடைசியில் இரும்புக் கடைக்குத்தான் போகும். அதனால் முதல் கட்சி அவுட்.

இரண்டாவது கட்சியோடுதான் உண்மையான சண்டை. சாதனை படைத்த சைக்கிள் மியூசியத்தில் இருக்கட்டும், நான் தடுக்கவில்லை. என்னுடையது முகம் தெரியாத ஒருத்தர் வார இறுதியில் ஓட்டியது. அதற்கு அசல் கேபிள் தேடிப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நான் வைத்துக்கொண்ட விதி இரண்டே இரண்டு.

விதி ஒன்று: உயிரைத் தாங்கும் பாகம் புதுசு. பிரேக் கட்டை ஐம்பது வருஷத்தில் கட்டையாகவே ஆகிவிடும், பிடிக்காது. கேபிள், செயின், டயர், டியூப், பால்ஸ் எல்லாம் மாற்றணும். அலுமினிய ஹேண்டில்பாரும் அதைப் பிடிக்கும் ஸ்டெம்மும் வெளியே பளபளவென்று இருந்தாலும் உள்ளே சோர்ந்திருக்கும், சொல்லாமல் உடையும். அதையும் மாற்றினேன்.

விதி இரண்டு: திரும்பப் பெற முடியாத வேலை எதுவும் செய்யக்கூடாது. ஓட்டை போடக்கூடாது, பெயின்டைச் சுரண்டக்கூடாது. துருவைத் துடைத்து மெழுகு பூசினேன், உரிந்த இடம் உரிந்தபடியே இருக்கு. கழற்றிய பாகம் ஒவ்வொன்றும் காகிதத்தில் சுற்றி, பெயர் எழுதி, பெட்டியில்.

கியரில்தான் தூய்மைவாதிகளுக்குக் கோபம் வரும். முன்னால் 52, 42 பல். பின்னால் 13 முதல் 18 வரை ஆறு பல்சக்கரம். 52ஐ 13ஆல் வகுத்தால் 4. ஒரு மிதிக்குச் சக்கரம் நாலு சுற்று, அதாவது எட்டு மீட்டருக்கு மேல். சமதளத்தில் வயசுப் பையன்கள் பறக்கலாம். ஏற்றத்தில் கிடைக்கும் லேசான கியர் 42க்கு 18, அது என் முட்டிக்கு ஆகாது. ஆகவே 14 முதல் 26 வரை உள்ள ஃப்ரீவீல் மாட்டினேன். பழையது பெட்டியில் பத்திரம். நாளைக்கு யாராவது இளவட்டம் கேட்டால் கால் மணி நேரத்தில் மாற்றிவிடலாம்.

ஓவராயில் வேலை சுலபமாக நடந்தது என்று நினைக்காதீர்கள். இறுகிப்போன சீட் கம்பிக்கு எண்ணெய் விட்டு ஒரு வாரம் காத்திருந்தேன். கிராங்க் அச்சின் வலது பக்கக் கப்பை இரண்டு ராத்திரி தம் கட்டித் திருகினேன், அசையவில்லை. மூன்றாம் நாள் வீடியோ போட்டு அப்பாவிடம் காட்டினேன். ஐந்து விநாடிகூட ஆகவில்லை.

"நீ இறுக்கிக்கிட்டு இருக்க. அந்தப் பக்கம் இடது மரையா இருக்கும், மாத்தித் திருப்பு."

"எப்படிப்பா தெரியும்?"

"சுத்துற சுத்துல கழண்டுடக் கூடாதுன்னு அப்படி வைப்பாங்க. இடது பெடலைப் பாரு, அதுவும் அப்படித்தான்."

மாத்தித் திருப்பினேன். கழன்று வந்தது.

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அப்பாவுக்கும் எனக்கும் போனில் பேச்சு நாலு வரி. சாப்பிட்டியா, மழையா, பிள்ளைகள் நல்லா இருக்கா, வச்சிரட்டுமா. ரிட்டயர் ஆனதும் எஸ்டேட் லயத்து வீட்டைக் காலி பண்ண வேண்டியிருந்தது. ஸ்பேனர் பெட்டியை மட்டும் விடாமல் போடிக்கு எடுத்து வந்தார். நாற்பது வருஷம் கைக்குள் வைத்திருந்த தொழிலை நான் ஒரு தடவைகூட அவரிடம் கேட்டதில்லை. கணக்குப் படிச்ச பையனுக்கு அது எதுக்கு என்று அவரும் சொன்னதில்லை. சந்தையில் அந்த மனிதர் "எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது" என்றபோது எனக்குச் சுருக்கென்றது இதனால்தான்.

சைக்கிளை அழகாக்கிச் சுவரில் மாட்டியிருந்தால் அப்பாவுக்கு ஒரு போட்டோ போயிருக்கும். ஓட வைக்கப் பார்த்ததால் மூன்று மாதம் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் பேசினோம். ஃப்ரேம் நேராக இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்க்கச் சொன்னார். வீல் பெண்ட் எடுக்கும்போது ஸ்போக்கைக் கால் திருப்புக்கு மேல் திருப்பாதே என்றார். பத்தாவது படிக்கும் என் மகள் பக்கத்தில் நின்று "தாத்தா, இப்போ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்று மரை என்றால் என்னவென்று தெரியும்.

செலவுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன், தொழில் புத்தி போகாது. சைக்கிள் 45, டயர் டியூப் 60, கேபிளும் பிரேக் கட்டையும் 30, செயின் 15, ஃப்ரீவீல் 28, பால்ஸ் கிரீஸ் 22, ஹேண்டில்பார் ஸ்டெம் 50. மொத்தம் 250 பவுண்டு. விற்றால் கிடைத்திருக்கும் 320ஐயும் சேர்த்தால் நஷ்டம்தான். ஆனால் வணிகவியலில் முதலில் சொல்லிக் கொடுப்பதே, இனிமேலும் பயன் தருவதுதான் சொத்து என்று. சுவரில் தொங்குவதை நான் அந்தக் கணக்கில் எழுத மாட்டேன்.

போன மாதம் உள்ளூர் கிளப்பில் 10 மைல் டைம் ட்ரையல். ஹெல்மெட்டும் முன்னும் பின்னும் விளக்கும் மாட்டிக்கொண்டு போனேன். 34 நிமிடம் 12 விநாடி. சிரிக்காதீர்கள். 1967இல் யார்க்‌ஷயர்க்காரி பெரில் பர்ட்டன் 12 மணி நேர டைம் ட்ரையலில் 277.25 மைல் ஓட்டி, அன்றைக்கு ஆண்களின் தூரத்தையும் தாண்டினார். முந்திப் போகும்போது அந்த ஆணுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டுப் போனார் என்பது இங்கே சைக்கிள்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதை. கணக்குப் போட்டால் பத்து மைலுக்கு 26 நிமிடம், அதையே 12 மணி நேரம். நான் ஒரு தடவை ஓட்டியதற்கே மூச்சு வாங்கி மரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்பாவுக்குப் போன் போட்டு நேரத்தைச் சொன்னேன். அவருக்கு அந்த எண் பெரிசாகப் படவில்லை.

"சத்தம் ஏதும் வந்துச்சா?"

"இல்லைப்பா."

"சரி. செயினைத் தொடச்சு எண்ணெய் விட்டுட்டுப் படு."

உங்கள் வீட்டில் சைக்கிளோ, தையல் மெஷினோ, கிரைண்டரோ ஓடாமல் கிடந்தால், விற்பதற்கும் மாட்டுவதற்கும் முன்னால் ஊருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். தெரிந்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள், ரொம்ப நாளைக்கு இருக்க மாட்டார்கள். அப்புறம், வலது பக்கக் கப் இடது மரை. இரண்டு ராத்திரி என்னை மாதிரி மல்லுக்கட்டாதீர்கள்.