பழுவூருக்கு ஒரு பிஜிஎம்!

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகிற பஸ்ஸில் ஏறினால், சிமென்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து கொஞ்ச நேரத்தில் கீழப்பழுவூர் வந்துவிடும். தினமும் போய் வருகிறவர்களுக்கு அது ஒரு ஸ்டாப், ஒரு டீ, அவ்வளவுதான். 2022 செப்டம்பருக்குப் பிறகு வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் அந்த போர்டு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. ‘பழுவேட்டரையர் ஊரா இது?’ என்று ஒரு ஆச்சர்யம், உடனே போனை எடுத்து ஒரு ரீல்ஸ், பின்னணியில் ஏ.ஆர்.ரஹ்மான். பழுவூர் இளையராணி நந்தினி, கணக்குப்படி பார்த்தால் அரியலூர் மாவட்டத்து மருமகள் என்பதே படம் வந்த பிறகுதான் பலருக்கு உறைத்தது.

இதில் ஒரு சின்ன வருத்தமும் உண்டு. ‘பொன்னியின் செல்வன்’ படப்பிடிப்பு தாய்லாந்தில் நடந்தது, ஹைதராபாத்தில் நடந்தது, மத்தியப் பிரதேசத்தின் ஓர்ச்சாவிலும் மகேஷ்வரிலும் நடந்தது. திரையில் வந்த கோட்டையும் அரண்மனையும் நம்ம மண் கிடையாது. பழுவூர் என்ற பெயர் வசனத்தில் வந்தது. மற்றபடி இந்த ஊர்கள் அந்தப் படத்துக்குள் நுழைய ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. காது!

கல்கியின் நாவல் 1950 முதல் 1954 வரை தொடராக வந்தபோது, வாரம் தவறாமல் படித்த பாட்டிகளுக்கு மனசுக்குள்ளேயே ஒரு பின்னணி இசை ஓடியிருக்கும். வந்தியத்தேவன் குதிரைக்கு ஒரு தாளம், நந்தினி பல்லக்குக்கு ஒரு ராகம். 70 வருடமாக ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு மெட்டு. அத்தனை பேருடைய மெட்டையும் தாண்டி ஒரு இசையமைப்பாளர் ஜெயிக்க வேண்டும் என்றால் சும்மாவா?

ரஹ்மான் எடுத்த முடிவு துணிச்சலானது. சோழர் காலம் இப்படித்தான் கேட்டிருக்கும் என்று அவர் நிரூபிக்கப் போகவில்லை. ‘பொன்னி நதி’யில் ஓடுகிற உற்சாகம் இன்றைய இளைஞனுடையது. ‘தேவராளன் ஆட்டம்’ பாட்டிலோ உடம்பில் சாமி இறங்குகிற வேகம். ஆடி மாதம் பெரம்பலூர்ப் பக்கம் எந்த மாரியம்மன் கோயில் திருவிழாவில் நின்றாலும் அந்த அதிர்வு நெஞ்சுக்கூட்டில் தட்டும். ஊர் படத்துக்குள் வந்த இடம் அதுதான். பாட்டைக் கேட்டுவிட்டு, ‘இது எங்க ஊர் திருவிழா மாதிரியே இருக்கே’ என்று ஒரு அரியலூர்க்காரர் சொன்னால், தாய்லாந்து லொக்கேஷனை மன்னித்து விட்டுவிடலாம்.

‘பொன்னி நதி’யில் ரஹ்மானோடும் ரெஹானாவோடும் சேர்ந்து ஒலிக்கிற அந்த அடித்தொண்டைக் குரல் பம்பா பாக்யாவுடையது. 2022 ஜூலை கடைசியில் பாட்டு வந்தது. செப்டம்பர் தொடக்கத்தில், 42 வயதில் அவர் காலமானார். இசை வெளியீட்டு விழாவுக்கு அப்போது சில நாட்களே இருந்தன. படம் வந்தது செப்டம்பர் 30-ல். தியேட்டரே சேர்ந்து கத்திய அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் அந்தச் சத்தத்தைக் கேட்கவே இல்லை.

முதல் பாகத்தின் பின்னணி இசைக்காக 70-வது தேசிய விருதுகளில் ரஹ்மானுக்கு விருது கிடைத்தது. 2024 ஆகஸ்டில் அறிவித்தார்கள். அவருடைய ஏழாவது தேசிய விருது அது. பாட்டுக்கு இல்லை, பின்னணி இசைக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். பாட்டையும் பின்னணி இசையையும் பிரித்துத் தனித்தனியாக விருது தருவதே 2009-ம் ஆண்டுப் படங்களிலிருந்துதான். அந்தப் பிரிவில் முதல் விருது வாங்கியவர் இளையராஜா, மலையாள ‘பழசி ராஜா’வுக்காக. அதுவும் சரித்திரப் படம்தான்.

சரி, உண்மையில் சோழர் காலத்து சவுண்ட்டிராக் எப்படி இருந்திருக்கும்? ரெக்கார்டிங் கிடையாது. ஆனால் கல்வெட்டு இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரை ராஜராஜன் நியமித்தான். கூடவே உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர். ஆக மொத்தம் 50 பேர். ஆளுக்கு தினமும் முக்குறுணி நெல் சம்பளம். உடுக்கைக்காரருக்கும் தலைக்கு அதே முக்குறுணிதான் என்பது முக்கியம். இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

அரியலூர் மாவட்டத்துக்குள்ளேயே இன்னொரு சாட்சி உண்டு. கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் தெற்குச் சுவரில் ஆடும் நடராஜர் சிற்பத்தில் காரைக்கால் அம்மையாரும் இருக்கிறார். இந்த அம்மையார் லேசுப்பட்டவர் இல்லை. தன் பதிகத்தில் துத்தம், கைக்கிளை, விளரி என்று சுரங்களின் பழைய பெயர்களையும், வரிசையாகத் தாளக் கருவிகளையும் அடுக்கியவர். சுடுகாட்டில் ஆடும் இறைவனுக்கு வாத்தியக் குறிப்பு எழுதிய முதல் பின்னணி இசைக் கலைஞர் என்றே அவரைச் சொல்லலாம்.

சினிமா இந்தக் கல்வெட்டையெல்லாம் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. 1973-ல் வந்த ‘ராஜராஜ சோழன்’, தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம். சிவாஜி கணேசன் கம்பீரமாக நடந்து வருவார். இசை, குன்னக்குடி வைத்தியநாதன். வயலின் மேதை! வயலின் கர்நாடக சங்கீதத்துக்குள் வந்ததே பாலுசாமி தீட்சிதர் காலத்தில், சுமார் 200 வருடங்களுக்கு முன்னால்தான். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ராஜாவுக்கு ஒரு வயலின்காரர் இசையமைத்தார், யாரும் சண்டைக்குப் போகவில்லை. போகவும் தேவையில்லை. சரித்திரப் படத்தின் இசைக்கு வாத்தியத்தின் வயது முக்கியம் இல்லை, அந்த வலி நமக்குப் புரிகிறதா என்பதுதான் முக்கியம்.

வலி என்றால் ‘ஆயிரத்தில் ஒருவன்’தான். 2010 பொங்கலுக்கு வந்த செல்வராகவன் படம். இசையமைக்கும்போது ஜி.வி.பிரகாஷ்குமார் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த பையன். அரச வாரிசை மட்டும் தப்பிக்க வைத்துவிட்டு ஊரை இழந்த கடைசிச் சோழர்கள், கண்காணாத தீவில் இருளில் கிடந்து, ‘எப்போது ஊர் திரும்புவோம்’ என்று ஏங்குகிறார்கள். வைரமுத்து எழுதிய ‘தாய் தின்ற மண்ணே’ பாட்டின் உயிரே அந்த ஏக்கம். ‘பெம்மானே’ பாட்டில் பாம்பே ஜெயஸ்ரீயோடு, 80-ஐ நெருங்கிக்கொண்டிருந்த பி.பி.ஸ்ரீநிவாஸ் பாடினார். ‘காலங்களில் அவள் வசந்தம்’ பாடிய அதே தேன் குரல், இங்கே பசியில் வற்றிப்போன ஒரு இனத்துக்காகக் கெஞ்சும். ஸ்கிப் பண்ணாமல் ஒரு முறை முழுதாகக் கேளுங்கள்.

அந்தப் படத்தில் எல்லோரும் தஞ்சையை நினைத்து ஏங்குவார்கள். ஆனால், ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்துக்குத் தலைநகரை மாற்றிய பிறகு, 1279-ல் சோழர் ஆட்சி முடியும் வரை சுமார் 250 வருடம் அதுதான் தலைநகர். கடைசிச் சோழன் அழுதிருந்தால், இன்றைய ஜெயங்கொண்டம் பக்கத்து மண்ணை நினைத்துத்தான் அழுதிருக்க வேண்டும். நியாயமாகப் பார்த்தால் அது அரியலூர் மாவட்டத்துக்கான பாட்டு. (அந்தப் படத்தில் சோழ மன்னராக வந்த பார்த்திபன்தான் ‘பொன்னியின் செல்வன்’ படத்தில் சின்ன பழுவேட்டரையர். சுற்றிச் சுற்றி இந்த மாவட்டத்துக்கே வருகிறார் மனுஷன்!)

வீட்டில் இருக்கும் பொடுசுகள் இந்தப் பெயர்களை வேறு வழியில் தெரிந்துவைத்திருக்கின்றன. ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ கேமுக்கு 2022 ஏப்ரலில் ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ என்ற கூடுதல் தொகுப்பு வந்தது. அதில் ராஜேந்திரன் பெயரிலேயே ஒரு கதை வரிசை இருக்கிறது. திராவிடர் அணியின் வீரர்களைத் தொட்டால் தமிழில் பதில் சொல்வார்கள். அவர்களின் சிறப்புப் படைவீரனுக்குப் பெயர் ‘உருமி’ வாள்வீரன். நம்மூர்ப் பிள்ளைகளுக்கு உறுமி என்றால் மேளம். கேமில் அது சுருள்வாள்! 2025 பிப்ரவரியில் வந்த ‘சிவிலைசேஷன் 7’ கேமிலும் சோழர்கள் ஆடக்கூடிய ஒரு நாகரிகமாக இடம்பிடித்துவிட்டார்கள்.

‘கேமுக்கு என்ன பெரிய மியூசிக், டொய்ங் டொய்ங்தானே’ என்று நினைக்கிற அப்பாக்களுக்கு ஒரு தகவல். இதே ‘சிவிலைசேஷன்’ வரிசையின் 4-ம் பாகத்துக்காக கிறிஸ்டோபர் டின் இசையமைத்த ‘பாபா யேத்து’ பாடல், 2011-ல் கிராமி விருது வாங்கியது. வீடியோ கேமுக்காக உருவான இசை கிராமி வென்றது அதுதான் முதல் முறை. பாட்டின் மொழி ஸ்வாஹிலி.

சினிமா இசைக்கும் கேம் இசைக்கும் வேலை முறையே வேறு. சினிமாவில் எடிட்டிங் முடிந்த காட்சி இசையமைப்பாளர் கையில் இருக்கும். நந்தினி திரும்பிப் பார்ப்பது எத்தனையாவது நொடி என்று தெரியும், அந்த நொடியில் புல்லாங்குழலை நிறுத்தலாம். கேமில் அந்த வசதி கிடையாது. ஆடுகிற பையன் காட்டுக்குள் இரண்டு நிமிடம் இருப்பானா, சாப்பிடப் போய்விட்டு அரை மணி நேரம் கழித்து வருவானா, யாருக்குத் தெரியும்? அதனால் இசையை அடுக்கடுக்காகப் பதிவு செய்கிறார்கள். அமைதிக்கு ஒரு அடுக்கு, எதிரி நெருங்கினால் மேலே மேளம், சண்டை முடிந்தால் மேளம் மட்டும் விலகும். திரும்பத் திரும்பச் சுற்றினாலும் சலிக்கக் கூடாது. நம்மூரில் தேர் நிலைக்கு வரும் வரை நேரம் பார்க்காமல் வாசிக்கிற நாதஸ்வர, தவில் செட்டுக்கு இந்த வித்தை புதிதல்ல. தேர் திரும்பும்போது ஒரு வேகம், நின்றுவிட்டால் ஒரு நிதானம். ஆட்டக்காரனைப் பார்த்து மாறுகிற இசைதானே அதுவும்!

படமே இல்லாத ஒரு ஓஎஸ்டியும் இந்த மண்ணோடு சேர்ந்துகொண்டது. இளையராஜாவின் ‘திருவாசகம்’ 2005-ல் வெளியானது. மாணிக்கவாசகரின் தமிழை புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடு பதிவு செய்தார். அதில் ஆங்கில வரிகளைத் தந்தவர், ‘போகஹான்டஸ்’ பாடலுக்கு ஆஸ்கர் வாங்கிய ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ். இருபது வருடம் கழித்து, 2025 ஜூலை 27-ல், ராஜேந்திரனின் கடல் கடந்த படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டையொட்டி நடந்த ஆடித் திருவாதிரை விழாவின் நிறைவு நாளில், கங்கைகொண்ட சோழபுரத்தில் பிரதமர் முன்னிலையில் தன் குழுவோடு திருவாசகத்தை இசைத்தார் இளையராஜா. அதே வருடம் மார்ச் 8-ல்தான் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு தன் ‘வேலியன்ட்’ சிம்பொனியை அரங்கேற்றியிருந்தார். 82 வயதில் லண்டனுக்கும் ஜெயங்கொண்டம் பக்கத்துக்கும் நடுவில் ஐந்து மாதம்கூட இல்லை.

19-ம் நூற்றாண்டில் கீழணை கட்ட இந்தக் கோயிலின் சுற்றுச்சுவர்க் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அப்படி இழந்த இடத்தில் திருவாசகம் ஒலித்தது. டிவியில் பார்த்த பலர் அரசியல் பேசினார்கள், அது அவரவர் பாடு. பாட்டு அந்தக் கல்லுக்குப் பொருந்தியது.

இப்போது அந்த முக்குறுணி நெல்லுக்கு வருவோம். போனில் ஒரு மியூசிக் ஆப்பைத் திறந்து ‘தேவராளன் ஆட்டம்’ தேடுங்கள். இசையமைப்பாளர் பெயர் வரும், பாடியவர் பெயர் வரும், எழுதியவர் பெயர் பெரும்பாலும் வரும். அந்த நெஞ்சை அதிர வைத்த தோல் வாத்தியங்களை வாசித்தது யார்? கேசட், சிடி காலத்தில் ரஹ்மான் ஒரு நல்ல பழக்கம் வைத்திருந்தார். உள்ளே இருக்கும் அட்டையில் புல்லாங்குழல் யார், கிதார் யார், தாளம் யார் என்று வாத்தியக்காரர்களின் பெயர்களையும் அச்சிட வைத்தார். புல்லாங்குழல் நவீனை ஊரே தெரிந்துகொண்டது அப்படித்தான். ஆப் வந்தது, அட்டை போனது.

தப்பு, உறுமி, நாதஸ்வரம் வாசிக்கிறவர்களுக்கு இது வெறும் பெருமை விஷயம் இல்லை. சினிமாவில் வாசித்தவர் என்று காட்ட ஒரு பெயர் இருந்தால், அடுத்த திருவிழா சீசனில் பேசுகிற கூலியே வேறு. பெயர் இல்லையென்றால் ‘நான்தான் வாசித்தேன்’ என்று வாயால்தான் சொல்ல வேண்டும். ராஜராஜன் காலத்தில் உடுக்கைக்காரரைக் கணக்கில் எடுத்துக் கல்லில் வெட்டிய ஊர் இது. இன்றைக்கு ஒரு பாட்டோடு இன்னும் பத்துப் பெயர்களைச் சேர்க்க எந்த ஆப்புக்கும் இடப் பஞ்சம் கிடையாது.

இந்த விஷயத்தில் கேம்காரர்கள் பரவாயில்லை. முடிவில் ஓடும் பட்டியலில் கேமை ஆடிப் பார்த்து பிழை சொன்னவர் பெயர்கூட இருக்கும். நம் படங்களிலும் கடைசியில் இசைக்குழுவுக்கு ஒரு பகுதி ஓடத்தான் செய்கிறது. தியேட்டரில் அதற்குள் விளக்கு போட்டு, எல்லோரும் பைக் சாவியைத் தேடிக்கொண்டிருப்போம். ஓடிடியில் இன்னும் மோசம். டைட்டில் ஆரம்பித்ததும் திரை சுருங்கி, அடுத்து எதைப் பார்க்கலாம் என்று விளம்பரம் வந்துவிடும். சுருங்கிய அந்தச் சின்னப் பெட்டியை விரலால் ஒரு தட்டு தட்டினால் பட்டியல் மறுபடி முழுத் திரைக்கு வரும்.